20 லிட்டர் சோலோ மைக்ரோவேவ், பதினாலு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன் (மெயினா அந்த மேல் நாப் பத்தி)

மைக்ரோவேவ்ல வச்சா சாதம் விறைச்சுப் போயிடுது, இட்லி ரப்பர் ஆயிடுது, மீன் டப்டப்னு வெடிக்குது, பாப்கார்ன் பொரிக்கத்தான் அது லாயக்குன்னு சொல்றவங்க என் சொந்தத்துலயே நிறைய பேர் இருக்காங்க. வாங்கின முதல் ரெண்டு மாசம் எங்க வீட்லயும் அதே பேச்சுதான், யார்கிட்டயாவது பாதி விலைக்குத் தள்ளிவிட்டுடலாமான்னு கூட யோசிச்சோம். இப்ப பதினாலு மாசம் ஆச்சு, தினம் நாலஞ்சு தடவை ஓடுது, ரிப்பேர்னு ஒரு தடவை கூட ஆளக் கூப்பிடல, வித்துடலாம்ங்கற பேச்சும் போச்சு. நடுவுல மெஷின் மாறல. மேல இருக்கிற பவர் நாபைத் திருப்பக் கத்துக்கிட்டோம், அவ்ளோதான்.

பிராண்ட் பேரு போடல. இந்த சைஸ்ல, ரெண்டு நாப் வச்சு, சோலோன்னு (கேக் சுடுறது, கிரில் எல்லாம் இல்லாம வெறும் மைக்ரோவேவ் மட்டும்) விக்கிறது எந்தக் கம்பெனியா இருந்தாலும் உள்ள நடக்கிற வேலை ஒண்ணுதான், அதனால இத நீங்க எத வாங்கினாலும் உதவும்னு நினைச்சுத்தான் எழுதுறேன்.

எங்க வீட்டுக் கதை இது. நாங்க இருக்கிறது பாண்டில, லாஸ்பேட்டை பக்கம். ஒய்ஃப் ஆஸ்பத்திரியில நர்ஸ், ஒரு வாரம் காலை ட்யூட்டி, ஒரு வாரம் மதியம், அப்புறம் நைட்டு, மதிய ஷிஃப்ட் முடிச்சு வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்பதரை, ஒன்பதே முக்கால் ஆயிடும். பையனுக்கு நாலு வயசு. அம்மா கடலூர் ஓட்டில (ஓல்ட் டவுன்) இருக்காங்க, ஹார்பர் பக்கத்துலயே வீடுங்கறதால மீன் எப்பவும் ஃபிரெஷ்ஷா கிடைக்கும், ஞாயித்துக்கிழமை ஆனா வஞ்சரமோ சங்கராவோ கொழம்பு வச்சு டப்பாவுல ஊத்தி உறைய வச்சு, நான் போய்ட்டு வரும்போது நாலு டப்பா குடுத்து அனுப்புவாங்க. பஸ்ல சீக்கிரம் வந்துடலாம், உருகுறதுக்கு முன்னாடி ஃப்ரீசர்ல போட்டுடுவேன். வாரம் முழுக்க அந்தக் கொழம்புதான் ஒய்ஃபுக்கு ராத்திரி சாப்பாடு. மணிக்கணக்கா நின்னு வேலை பார்த்துட்டு வர்றவளுக்கு சூடா சாப்பாடு வைக்கணும், அதுக்கு அடுப்புல கல்லு மாதிரி உறைஞ்ச கொழம்ப வச்சு கிளறிக்கிட்டே இருக்க முடியல, அதான் இத வாங்கினோம்.

நேரு வீதியில ஒரு கடையில வாங்கினது, ஆறாயிரத்துச் சொச்சம் ஆச்சு. கடைக்காரத் தம்பி சொல்லிக் குடுத்தது ஒரே வரி: "சார் மேல் நாப் ஹைல இருக்கட்டும், அதத் தொடாதீங்க, கீழ் நாப்ல டைம் வச்சா போதும்." எனக்குக் கோவம் வர்ற விஷயம் இது. சாமான் நல்ல சாமான், ஆனா அத விக்கிறவர் சொன்ன அந்த ஒரு வரியால ரெண்டு மாசம் நாங்க கெட்ட சாப்பாடு சாப்பிட்டோம். கூட வந்த புக்லயும் இங்கிலீஷ்ல ஃப்ரோஸன் பீட்ஸா, பேக்கன், மாட்டுக்கறி ரோஸ்ட் இதுக்கெல்லாம் டேபிள் போட்டிருக்கான், இட்லிக்கும் சாம்பாருக்கும் ஒரு வரி கிடையாது. தமிழ்நாட்டுலயும் பாண்டிலயும் இவ்ளோ விக்கிறீங்களே, தமிழ்ல ஒரு பக்கம் அச்சடிச்சு உள்ள வச்சா என்ன கெட்டுப் போவுது.

மெஷின் என்னன்னு சொல்லிடுறேன். பின்னாடி ஸ்டிக்கர்ல கரண்ட் எடுக்கிறது 1150 வாட்ஸ், சாப்பாட்டுக்குக் குடுக்கிறது 700 வாட்ஸ்னு போட்டிருக்கு, இந்த ரெண்டாவது நம்பர்தான் சமையலுக்கு முக்கியம், கடையில பெரிய நம்பரக் காட்டி 1150 வாட்ஸ் மெஷின்னு சொல்லுவாங்க, ஏமாந்துடாதீங்க. மேல் நாப்ல அஞ்சு இடம்: லோ, மீடியம் லோ, மீடியம், மீடியம் ஹை, ஹை. மீடியம் லோ பக்கத்துலயே பனிக்கட்டி மாதிரி ஒரு படம், அதான் டீஃப்ராஸ்ட், உறைஞ்சத உருக்குறதுக்கு. புக்ல இதுக்கெல்லாம் சதவீதம் போட்டிருக்கான், லோ 17, மீடியம் லோ 33, மீடியம் 55, மீடியம் ஹை 77, ஹை 100. எங்க 700 வாட்ஸ் கணக்குல பார்த்தா லோனா வெறும் 120 வாட்ஸ், மீடியம் லோ 230, மீடியம் 385, மீடியம் ஹை 540. ஹைக்கும் லோக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். கேஸ் அடுப்புல எல்லாத்தையும் ஃபுல் தீயில வச்சு சமைக்கிறவங்க யாராவது இருக்காங்களா, இதுல மட்டும் ஏன் எல்லாரும் அப்படிப் பண்றோம்?

முதல் வாரம் நடந்தத சொல்றேன். அம்மா குடுத்த வஞ்சரக் கொழம்பு டப்பா, ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அப்படியே உள்ள வச்சு, ஹைல ஆறு நிமிஷம். மூணாவது நிமிஷத்துல டப்புனு ஒரு சத்தம், அப்புறம் வரிசையா டப் டப்னு. திறந்து பார்த்தா சுவரெல்லாம் செவப்பா எண்ணெய் தெறிச்சிருக்கு, ஓரத்துல இருந்த மீன் துண்டு வெடிச்சு நார் நாரா கெடக்கு, டப்பா ஓரத்துல கொழம்பு கொதிக்குது, நடுவுல கைப்பிடி அளவுக்கு ஐஸ் கட்டி அப்படியே இருக்கு, அதுக்கு மேல தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையா ஒரு படலம். டப்பாவத் தேச்சுக் கழுவினப்பதான் இன்னொண்ணு பார்த்தேன், கொழம்புல எண்ணெய் மிதந்த மட்டத்துல உள்பக்கம் சுத்தி ஒரு வளையம், விரல் வச்சா சொரசொரன்னு இருந்துச்சு, பிளாஸ்டிக்கே பொரிஞ்சு போயிருக்கு. தண்ணி சாதாரணமா நூறு டிகிரிக்கு மேல போகாது, எண்ணெய் அதையும் தாண்டிப் போகும், அதான் அந்த எடத்துல மட்டும் பிளாஸ்டிக் தாங்கல. அந்த டப்பாவ அன்னிக்கே தூக்கிப் போட்டேன். அன்னிக்கு ராத்திரி ஒய்ஃப் தயிர் சாதம் சாப்பிட்டுப் படுத்தா, ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு மனசு கேக்கல.

அப்புறம் ஒரு நாள் சும்மா ஒரு கிண்ணம் தண்ணிய உள்ள வச்சுட்டு, ஒவ்வொரு இடத்துலயும் நாபை வச்சு பக்கத்துல உக்காந்து காது குடுத்துக் கேட்டேன். (காலியா மட்டும் ஓட்டாதீங்க, அலைய வாங்கிக்க உள்ள ஒண்ணும் இல்லன்னா அது மெஷினுக்கே திரும்பிப் போய் கெடுத்துடும்.) ஹைல வச்சா ஊம்னு ஒரு கனமான சத்தம் நிக்காம வருது. மீடியம்ல வச்சா அந்த ஊம் கொஞ்ச நேரம் வருது, டக்குனு நிக்குது, ஃபேன் சத்தம் மட்டும் லேசா ஓடுது, தட்டு சுத்துது, லைட் எரியுது, மறுபடி டக், ஊம், அந்த ஊம் ஆரம்பிக்கிற நொடியில லைட் கொஞ்சம் மங்குது கூட. வாட்ச் வச்சு எண்ணினேன். மொத்தம் முப்பது செகண்ட் ஒரு சுத்து. மீடியம்ல அதுல பதினாறு பதினேழு செகண்ட் ஊம், மிச்சம் சும்மா. லோல வெறும் அஞ்சு செகண்ட்தான் ஊம், மிச்ச இருபத்தஞ்சும் சும்மா சுத்திக்கிட்டு இருக்கு. அதாவது தீயக் கம்மி பண்றது கிடையாது இது, ஃபுல் தீயவே பத்த வச்சு பத்த வச்சு அணைக்குது. உள்ள இருக்கிற மேக்னட்ரானுக்கு (மைக்ரோவேவ் அலைய உண்டாக்குறது அதான்) இந்த மெஷின்ல தெரிஞ்சது எரியுறதும் அணையுறதும் மட்டும்தான். ரேடாருக்காக செஞ்ச சாமான் அது, அமெரிக்காவுல ரேதியான் கம்பெனியில பெர்சி ஸ்பென்சர்னு ஒருத்தர் 1945 வாக்குல ரேடார் பக்கத்துல நின்னுட்டு இருந்தப்ப பாக்கெட்ல இருந்த சாக்லேட் உருகிப் போச்சுன்னு கண்டுபிடிச்சாரு, 1947ல வந்த முதல் மெஷின் ஆள் உயரம், 340 கிலோ. இன்னிக்கு நம்ம கிச்சன் மேடையில இருக்கிறதுலயும் அதே மேக்னட்ரான்தான். இன்வெர்ட்டர் மைக்ரோவேவ்னு போட்டு கொஞ்சம் விலை கூட விக்கிறாங்களே, அதுல மட்டும்தான் நெஜமாவே பவர் குறையும், நிறுத்தி நிறுத்தி ஓடாது.

அந்த சும்மா இருக்கிற நேரம் வீண் போற நேரம்னு முதல்ல நினைச்சேன். இல்லங்க, சமையலே அந்த நேரத்துலதான் நடக்குது. மைக்ரோவேவ் அலை சாப்பாட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்தான் நல்லா போகும், உள்ள இருந்து வெளிய சூடாகுதுன்னு சொல்றதெல்லாம் தப்பு. மேலயும் ஓரத்துலயும் இருக்கிற தண்ணிதான் முதல்ல சூடாகும், அந்த சூடு நடுவுக்குப் போக டைம் வேணும், ஊம் நிக்கிற பதிமூணு செகண்ட்ல அதுதான் நடக்குது. ஐஸ் விஷயம் இன்னும் மோசம், உறைஞ்ச தண்ணி இந்த அலைய ரொம்ப கம்மியாத்தான் வாங்கும், உருகின தண்ணி நல்லா வாங்கும். அதனால ஓரத்துல ஒரு சொட்டு உருகிட்டா போதும், அந்த எடமே எல்லா சூட்டையும் இழுத்துக்கும், அது கொதிக்கும்போது பக்கத்துலயே ஐஸ் கல்லா உக்காந்திருக்கும். என் கொழம்புக்கு நடந்தது அதான்.

இப்ப அதே டப்பா எப்படிப் போகுதுன்னா, ராத்திரி ஒன்பதே காலுக்கு ஃப்ரீசர்ல இருந்து எடுத்து டப்பா மேல பைப் தண்ணிய ஒரு நிமிஷம் விட்டா ஐஸ் கட்டி வழுக்கிக்கிட்டு வந்துடும், அதக் கண்ணாடி கிண்ணத்துல போட்டு மேல ஒரு தட்டு கவுத்து மீடியம் லோல எட்டு நிமிஷம். நடுவுல ஒரு தடவை திறந்து கரண்டியால கட்டிய உடைச்சு, உடைஞ்ச துண்ட ஓரத்துக்குத் தள்ளி, உருகின கொழம்ப நடுவுக்கு விடணும். அப்புறம் மீன் துண்டெல்லாம் கொழம்புக்குள்ள முங்கியிருக்கான்னு பார்த்துட்டு மீடியம்ல ஆறு நிமிஷம். வெளிய எடுத்து மூடி ரெண்டு நிமிஷம் அப்படியே விட்டுடணும். மொத்தம் பதினாறு நிமிஷம், ஹைல பண்ணதுக்கு கிட்டத்தட்ட மூணு மடங்கு நேரம், ஆனா துண்டு உடையாம, தோல் கூட உரியாம வருது, புளிக்காய்ச்சல் மாதிரி சுண்டியும் போகல. ஒய்ஃப் முதல் தடவை சாப்பிட்டுட்டு "ஏங்க, அத்தை இன்னிக்கு வந்தாங்களா"ன்னு கேட்டா. அடுப்புல வச்சதுன்னு நினைச்சிருக்கா. வெறும் மீன் உருக்குறதும் அப்படித்தான், அரைக்கிலோ வஞ்சரத் துண்டுன்னா மீடியம் லோல நாலு நிமிஷம், திருப்பிப் போட்டு மூணு நிமிஷம், நடுவுல கொஞ்சம் ஐஸ் இருக்கும்போதே எடுத்துட்டு பத்து நிமிஷம் வெளிய வச்சா தானா விட்டுடும். முழுசா உருகட்டும்னு விட்டா ஓரம் வெள்ளையா வெந்து போயிடும். உருக்கின உடனே சமைச்சுடணும், மறுபடி ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது, லேசா சூடேறின மீனு சீக்கிரம் கெட்டுடும்.

சாதத்துக்கு மீடியம் ஹை. ஃப்ரிட்ஜ்ல வச்ச சாதம் விறைச்சிருக்கும், ஒரு தட்டுக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி தெளிச்சு, கட்டிய உடைச்சு, முக்கியமா நடுவுல குழி விட்டு ஓரமா வளையம் மாதிரி பரப்பி, மூடி போட்டு மூணு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துல ஒரு தடவை கிளறணும். நடுவுல குழி எதுக்குன்னா சுத்துற தட்டுல நடுவுல இருக்கிறது சுத்தினாலும் அதே எடத்துலதான் இருக்கும், அந்த எடத்துக்கு அலை சரியா வரலன்னா கடைசி வரைக்கும் ஜில்லுன்னே கெடக்கும். பிரியாணிக்கும் இதே வழிதான், கறித் துண்ட ஓரத்துல வச்சு மீடியம்ல கொஞ்சம் கூட நேரம், ஹைல வச்சா சிக்கன் நாரா இழுக்கும். சாதம் பத்தி ஒய்ஃப் எப்பவும் சொல்றது ஒண்ணு இருக்கு, மதியம் வடிச்ச சாதத்த ராத்திரி வரைக்கும் வெளிய வச்சிருந்துட்டு மைக்ரோவேவ்ல நல்லா சூடு பண்ணிட்டா சரியாப் போயிடும்னு நினைக்காதீங்கன்னு. பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி சாதத்துல வளரும், "சூடு பண்ணா கிருமி சாகும், அது விட்டுட்டுப் போன விஷம் சாகாதுங்க"ம்பா. பாண்டி வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். வடிச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஆற வச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க, எடுத்து சூடு பண்ணும்போது நடுவுலயும் ஆவி பறக்கிற அளவுக்கு, கணக்குன்னா 74 டிகிரி, சூடாகணும்.

இட்லிதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடல. ஹைல ஒரு நிமிஷம் வச்சா எடுக்கும்போது பஞ்சு மாதிரி இருக்கும், சட்னி ஊத்தி உக்காருறதுக்குள்ள ஓரமெல்லாம் இறுகி கடிக்க முடியாது. அம்மா ஒரு தடவை வந்திருந்தப்ப ஒண்ண எடுத்துத் தட்டுல தட்டிக் காட்டினாங்க, டொக்குன்னு சத்தம் வந்துச்சு, "ஏண்டா இத புள்ளைக்கு குடுக்கறீங்க"ன்னாங்க. உள்ள இருக்கிற தண்ணி ஆவியா ஓடிப்போயிடுது, தண்ணி போன மாவு ஆறும்போது கல்லாகுது, ரொட்டியும் அதே மாதிரிதான். அம்மாதான் வழியும் சொன்னாங்க. இட்லித் துணிய நனைச்சுப் பிழிஞ்சு நாலு இட்லிய அதுக்குள்ள சுத்தி வைன்னாங்க, நான் மீடியம்ல ரெண்டு நிமிஷம் வச்சு, எடுத்ததும் துணியப் பிரிக்காம ஒரு நிமிஷம் விட்டேன், கொப்பரையில இருந்து எடுத்த மாதிரி இல்லன்னாலும் அதுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. பையன் நாலும் சாப்பிட்டான். தோசைக்கு மட்டும் இதுல வழியே இல்ல, எந்த பவர்ல வச்சாலும் தோல் மாதிரிதான் வரும், கல்லுல போட்டுக்கங்க. பாண்டி பேக்கரி நீள ரொட்டியும் அப்படித்தான், அந்த மொறுமொறு தோலுக்காகத்தான் அத வாங்குறோம், அத இதுல வச்சா அது போயிடும்.

ஹை எதுக்குத்தான்னு கேட்டா, தண்ணியா இருக்கிறதுக்கும் சீக்கிரம் காயணும்ங்கறதுக்கும். ரசம், தண்ணி, மெல்லிசான சாம்பார் எல்லாம் ஹைல மூணு நிமிஷம், நடுவுல ஒரு கிளறு. கெட்டிப் பருப்பு சாம்பார்னா மீடியம் ஹைக்கு இறக்கிடுங்க, இல்லன்னா அடியில கொதி வந்து மேல வெடிச்சுத் தெறிக்கும். அப்பளம் ஹைல ஒண்ணு ஒண்ணா அம்பது செகண்ட், எண்ணெயே வேணாம், அம்மாவுக்கு சுகர் பிரஷர் ரெண்டும் இருக்கிறதால இந்த ஒரு விஷயத்துக்காகவே அவங்களுக்கு மெஷின் பிடிச்சுப் போச்சு. கறிவேப்பிலை கழுவித் துடைச்சு ஒரு பேப்பர்ல பரப்பி ஹைல ஒன்றரை நிமிஷம், பச்சை நிறம் மாறாம சருகாயிடும், பொடி பண்ண சுலபம், ஆனா பக்கத்துலயே நிக்கணும். பலாக்கொட்டைய விட்டுடக் கூடாது, சீசன்ல பண்ருட்டிப் பழம் வீட்டுக்கு வந்தா கொட்டைய யாரும் தூக்கிப் போட மாட்டோம், மேல் தோல உரிச்சு நுனிய கத்தியால கொஞ்சம் கீறிட்டு, தண்ணி தெளிச்சு மூடி ஹைல நாலு நிமிஷம். கீறாம வச்சா குண்டு மாதிரி வெடிக்கும், உள்ள ஆவி போக வழி வேணும். முட்டை ஓட்டோட வைக்கவே வைக்காதீங்க, அவிச்ச முட்டைய சூடு பண்றதுக்கும் வைக்காதீங்க, கையில எடுத்துக் கடிக்கும்போது கூட வெடிக்கும்.

முந்திரி மீடியம் ஹைல. கால் ஸ்பூன் நெய் தடவி நூறு கிராம், ஒவ்வொரு நிமிஷமும் எடுத்துக் கிளறணும், நாலாவது நிமிஷம் கிட்ட வெளிய வெளுப்பா இருக்கும்போதே எடுத்துடணும். வெளிய பார்த்தா வறுபடலன்னு தோணும், உடைச்சுப் பாருங்க உள்ள செவந்திருக்கும் (சின்ன பருப்புங்கறதால அலை நடு வரைக்கும் போயிடும், வெளிப்பக்கம் காத்துல ஆறிடும்), எடுத்து வச்சப்புறமும் ரெண்டு நிமிஷம் உள்சூட்டுல வறுபட்டுக்கிட்டே இருக்கும். இது தெரியாம இன்னும் ஒரு நிமிஷம்னு வச்சு ஒரு கிண்ணம் முந்திரிய உள்பக்கம் கரியாக்கினோம், அந்த விலைக்கு அது தாங்காது. வெண்ணெய் இளக்குறது, உறைஞ்ச தேன் இளக்குறது இதுக்கெல்லாம் லோ. பால் மீடியம் ஹை, பையனுக்கு ஒரு டம்ளர் அளவு பீங்கான் கப்புல ஒன்றேகால் நிமிஷம், ஹைல வச்சா பொங்கித் தட்டெல்லாம் வழிஞ்சிடும். கிளறிட்டுத்தான் குடுக்கணும். கைக்குழந்தை பால் பாட்டில மட்டும் எந்த பவர்லயும் வைக்கக் கூடாதுன்னு ஒய்ஃப் கண்டிப்பா சொல்லுவா, பாட்டில் வெளிய ஆறின மாதிரி இருக்கும், உள்ள ஒரு எடத்துல கொதிக்கும், வாய் வெந்து போயிடும்.

வெறும் தண்ணி கொதிக்க வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. வழவழன்னு இருக்கிற புது கண்ணாடி டம்ளர்ல வச்சா சில நேரம் நூறு டிகிரி தாண்டியும் குமிழி வராது, சும்மா இருக்கிற மாதிரி இருக்கும், காபித் தூள் போட்ட நொடியில மொத்தமா பீறிட்டுக் கைமேல கொட்டும். ஒரு மரக்கரண்டிய உள்ள போட்டு வச்சு சூடு பண்ணுங்க, எடுக்கிறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் விடுங்க.

இப்ப மெஷின்ல இருக்கிற குறை. அந்த டைமர் நாப். ரெண்டு நிமிஷத்துக்குக் கீழ சரியாவே நிக்காது, ஒரு நிமிஷம்னு வச்சா ஒரு தடவை நாப்பத்தஞ்சு செகண்ட்ல மணி அடிக்குது, இன்னொரு தடவை ஒண்ணேகால் நிமிஷம் ஓடுது. புக்ல ஒரு மூலையில போட்டிருக்கான், ரெண்டு நிமிஷத்துக்குக் கம்மியா வேணும்னா முதல்ல ரெண்டைத் தாண்டித் திருப்பிட்டு அப்புறம் பின்னாடி கொண்டு வரணும்னு, அப்படிப் பண்ணா பரவால்ல. இன்னொரு குறை, முப்பது செகண்ட் சுத்துங்கறதால சின்ன நேரத்துக்கு மேல் நாப் வேலை செய்யாது. பதினஞ்சு செகண்ட் மீடியம்னு வச்சீங்கன்னா என் மெஷின் முதல்ல ஊம்லதான் ஆரம்பிக்குது, பதினஞ்சு செகண்டும் ஃபுல் பவர்தான், ஹைல வச்சதும் அதுவும் ஒண்ணு. அதனால சாக்லேட், வெண்ணெய் மாதிரி சின்ன ஐட்டத்துக்கு நேரத்தக் கூட்டி பவரக் குறைச்சாதான் பலன்.

வோல்டேஜும் பார்க்கணும். நேத்து சரியா இருந்த சாதம் இன்னிக்கு அதே டைம்ல ஏன் சூடாகலன்னு குழம்பிக்கிட்டே இருந்தேன். ஒரு லிட்டர் தண்ணிய ஹைல சரியா ரெண்டு நிமிஷம் வச்சா 700 வாட்ஸுக்கு 20 டிகிரி ஏறணும், கணக்கு அதான். கேக்குக்கு வாங்கின தெர்மாமீட்டர் இருந்துச்சு, காலையில பத்து மணிக்கு வச்சுப் பார்த்தேன், 29ல இருந்து 48.5க்கு ஏறுச்சு. அதே நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, தெரு முழுக்க ஏசி ஓடுற நேரம், 28ல இருந்து 46தான். பதினெட்டு டிகிரின்னா 630 வாட்ஸ் கிட்ட. சின்ன வித்தியாசம்தான், ஆனா மூணு நிமிஷ சாதத்துக்கு இருபது செகண்ட் கூட வைக்கணும். இந்த டெஸ்ட்ட நீங்களும் பண்ணிப் பாருங்க, வேற ஒருத்தர் சொன்ன டைம் உங்க மெஷினுக்கு ஏன் ஒத்து வரலன்னு அப்பதான் புரியும். என் அண்ணன் வீட்ல 900 வாட்ஸ் கன்வெக்ஷன் (கேக்கும் சுடுற வகை), நான் சொன்ன நேரத்த அண்ணி அப்படியே வச்சு ரெண்டு தடவை கருக்கிட்டாங்க, 900க்கு என் நேரத்துல முக்கால் பங்குக்கு கொஞ்சம் மேல வச்சா போதும்.

கரண்ட் பில்லுக்கு பயப்பட வேணாம், அஞ்சு நிமிஷம் ஃபுல்லா ஓடினா ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்கு கூட முழுசா வராது. 16 ஆம்ப் பிளக்தான் வருது, அத முதல்லயே பார்த்துக்கங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டாதீங்க. எவர்சில்வர் பாத்திரம் உள்ள போகக் கூடாதுங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா தங்கக் கோடு போட்ட பீங்கான் தட்டும் போகக் கூடாது, மெலமின் தட்டும் கூடாது, ஹோட்டல் பார்சல் டப்பாவும் வேணாம். எங்க வீட்ல முதல்ல இருந்ததெல்லாம் எவர்சில்வர்தான், கண்ணாடிக் கிண்ணம் அஞ்சாறு வாங்க ஆயிரத்து இருநூறு ஆச்சு, மெஷின் விலையோட அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

அம்மாவுக்கு இதெல்லாம் வாய்ல சொன்னா மறந்துடுது, ஒய்ஃப் நைட் ட்யூட்டி வாரத்துல அம்மாதான் பையனோட வந்து இருப்பாங்க. அதனால ஒரு அட்டையில பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி மெஷின் பக்கவாட்டுல ஒட்டினேன், லோக்கு "சிம்"னும், ஹைக்கு "ஃபுல் தீ"னும். அம்மா அதப் பார்த்து, மீடியம் லோக்கு நேரா பேனாவால அவங்களே "உறைஞ்ச கொழம்பு"ன்னு எழுதிட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமை வர்ற டப்பா மூடியிலயே மார்க்கர்ல ரெண்டு நம்பர் எழுதி வருது, சங்கரான்னா 8, 5, வஞ்சரத் துண்டு தடியா இருந்தா 8, 6. முதல் நம்பர் மீடியம் லோ, ரெண்டாவது மீடியம்.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு. ஒண்ணு குறைச்சது டைமருக்காக. கேக் சுடணும், தந்தூரி வேணும்ங்கறவங்க இத வாங்காதீங்க, இது சூடு பண்ற மெஷின், உருக்குற மெஷின். ஷிஃப்ட் வேலை, வேற வேற நேரத்துல சாப்பிடுற வீடு, ஊர்ல இருந்து சாப்பாடு வர்ற வீடுன்னா தாராளமா வாங்கலாம். இன்னும் கொஞ்சம் பணம் கூடப் போட முடியும்னா இன்வெர்ட்டர் பாருங்க. கடையில இன்வெர்ட்டர்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அப்படியே நம்பிடாதீங்க, ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கி உள்ள வச்சு, மீடியம்ல ஒரு நிமிஷம் போடச் சொல்லி பக்கத்துல நின்னு கேளுங்க. சத்தம் நின்னு நின்னு வந்தா அது என் மெஷின்தான், வேற பேர்ல. நிக்காம ஒரே சீரா, ஹைய விட மெல்லிசா வந்தா அதுதான் இன்வெர்ட்டர்.